உட்காரும் பலகை, இருபத்திரண்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன மழைக்குப் பட்டறைக் கூரை ஒழுகியதே, அடைத்தாயிற்றா?

விடுதி போன் காப்பாளர் அம்மாவின் மேசைமேல் இருக்கிறது. பேச ஆரம்பித்தால் சுவருக்கெல்லாம் காது முளைத்துவிடும். அதனால்தான் கடிதம்.

ஒரு நல்ல சேதி. எங்கள் கடையின் தரைத்தளத்தையே மாற்றப்போகிறார்கள். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சென்ட் என்று எல்லாப் பிரிவிலும் பழைய மரக் கவுண்டர்களைத் தூக்கிவிட்டு, நீ செய்கிறாயே, அலுமினிய ஃப்ரேமும் கண்ணாடியுமாகக் கழற்றி மாட்டுகிற கவுண்டர், அதைப் போடப்போகிறார்களாம். மொத்தம் இருபத்திரண்டு. மேலாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இந்தக் கடைக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அறைக்குள் நானாகப் போனேன். "சார், எங்க அக்கா இதைத்தான் செய்றாங்க. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தார். ஆனால் உன் முகவரியை எழுதிக்கொண்டார்.

இன்னொன்று. பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறை விற்கிறார்களே, அதில் இரண்டு ஜோடி வாங்கி அனுப்பு. எனக்கில்லை, பக்கத்துக் கட்டில் நெட்டைக்கு. போன வருஷம் என்னோடு வந்து இரண்டு நாள் தங்கினாளே, அவள்தான். ஆடுசதைச் சுற்றளவு பதினாறு அங்குலம்.

அத்தானை இருமலோடு வேலை செய்ய விடாதே.

உன் தங்கை

ஜனவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தோம், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. உன் உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். ஆர்டர் எங்களுக்கே வந்துவிட்டது! தரைத்தளம் ஒழுங்காக அமைந்தால் மேல்மாடி இரண்டும் உங்களுக்குத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். கடிதத்தை உன் அத்தான் மூன்று தடவை படித்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார். பட்டறை ஆரம்பித்து ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டு கவுண்டர் ஒரே கடைக்குப் போனதில்லை.

வரைபடம் பார்த்தேன். எல்லாம் சரி, ஒன்று மட்டும் புரியவில்லை. பின்பக்கத்தில், நீங்கள் நிற்கிற பக்கத்தில், மூன்றடி உயரத்துக்குக் கீழே குறுக்குச் சட்டமே கூடாது என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போட்டிருக்கிறார்கள். கீழ்ச்சட்டம் இல்லாவிட்டால் ஃப்ரேம் பால்பல் மாதிரி ஆடும். மேலே கண்ணாடி வேறு. ஏன் வேண்டாமாம்? உனக்குத் தெரியுமா?

காலுறை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நெட்டையின் கால் மூங்கில் குச்சி மாதிரியல்லவா இருக்கும்? பதினாறு அங்குலம் எப்படி வந்தது?

உன் அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம்தானே? இங்கே குறை ஒன்றுமில்லை. காலுறை வந்தது. நெட்டைக்கு ரொம்ப சந்தோஷம். இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.

கீழ்ச்சட்டம் ஏன் வேண்டாம் என்று கேட்டாய். பழைய மரக் கவுண்டர்களில் பின்னால் அடியில் ஒரு விளிம்பு இருந்தது. அரை சாண் அகலம். ஆள் இல்லாத நேரத்தில் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வோம். எங்கள் மேற்பார்வையாளருக்கு (நாங்கள் வைத்த பெயர் கழுகு) அது பிடிக்காது. வாடிக்கையாளர் வரும்போது பெண்கள் நின்றுகொண்டிருந்தால்தான் கடைக்கு மரியாதையாம். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. உட்கார்ந்து பிடிபட்டால் அரைநாள் சம்பளம் போகும். புதுக் கவுண்டரில் அந்தத் தொந்தரவே இருக்கக்கூடாது என்றுதான் சிவப்புக் கோடு.

இதையெல்லாம் உனக்குப் புரியவேண்டுமே என்று எழுதினேன், அவ்வளவுதான். நீ வரைபடத்தில் உள்ளபடி செய்து கொடு. உன் குணம் எனக்குத் தெரியும். தயவுசெய்து ஒன்றும் செய்யாதே. எங்களுக்குப் பழகிவிட்டது.

உன் தங்கை

பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் சுகம். உன் சுகத்தை நீ எழுதுவதை வைத்து நம்பவேண்டியிருக்கிறது.

"பழகிவிட்டது" என்று எழுதியிருந்தாய். எதற்குப் பழகினாய் என்று பார்க்கலாமே என்று மாதிரிக் கவுண்டர் ஒன்றைப் பூட்டி பட்டறை நடுவில் நிறுத்தினேன். காலை ஒன்பதரைக்கு அதன் பின்னால் போய் நின்றேன். உன் அத்தான், "என்ன முதலாளியம்மா, வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேலி செய்தார். கண்ணாடி கொண்டுவந்தவர், "வாட்ச் ஒன்னு காட்டுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பதினொரு மணிக்கு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினேன். ஒரு மணிக்கு இடுப்பு. மூன்று மணிக்குக் குதிகாலில் யாரோ ஆணி வைத்து அடிப்பது போலிருந்தது. அதன் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. எட்டரை வரை நிற்பதாகத்தான் எனக்கு நானே வைத்த பந்தயம். ஐந்தேகாலுக்கு என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் பகலெல்லாம் ரம்பத்தோடு நிற்கிறவள். ஆனால் ரம்பத்தோடு நிற்பவள் நடக்கலாம், குனியலாம், வேண்டும்போது உட்காரலாம். நீ அசையாமல் நிற்கிறாய்.

அன்றே உங்கள் கடை எஞ்சினியருக்கு எழுதினேன். கீழ்ச்சட்டம் இல்லாவிட்டால் ஃப்ரேம் நிற்காது, கண்ணாடிக்கு நான் பொறுப்பில்லை என்றேன். அவர் சம்மதித்துப் பதில் போட்டார். இப்போது பதினேழு அங்குல உயரத்தில் ஒரு சட்டம் ஓடுகிறது. அந்தச் சட்டத்தில் கீல் வைத்து ஒரு பலகை. மடித்தால் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கினால் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். நூறு கிலோ ஏற்றிப் பார்த்தேன். அதாவது உன் அத்தானும் அவருடைய கருவிப் பெட்டியும்.

ஒளித்து வைத்துச் செய்யவில்லை. அனுப்பும் பட்டியலில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "உட்காரும் பலகை, இருபத்திரண்டு, இலவசம்." படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். படிக்காமல் போட்டால் அது அவர்கள் பாடு.

நீ செய்யாதே என்றாய். செய்துவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 22

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமா என்று கேட்டால் பதில் வர இத்தனை நாளா?

உன் அத்தான் நாலு நாள் தங்கி இருபத்திரண்டையும் பூட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். மேலாளர் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். உன்னைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாத்தான் இருக்கா" என்றார்.

"கால்ல என்ன செருப்பு போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"நான் எங்க அதையெல்லாம் பார்த்தேன்" என்றார்.

அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்கிற மனிதர் அவர். உன் காலைப் பார்க்கவில்லையாம். அன்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவரை என்ன சத்தியம் செய்ய வைத்தாய்?

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்கு ஒரு குறைவுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். யார் உன்னைக் கேட்டார்கள்? இரண்டு வாரம் பலகையை யாரும் இறக்கவில்லை. எல்லோருக்கும் பயம். பிறகு சென்ட் பிரிவில் ஒருத்தி இறக்கி ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். மறுநாள் ஆறு பேர். அதற்கு அடுத்த நாள் கழுகு பார்த்துவிட்டார். எங்களை வரிசையில் நிறுத்தி, "இது எதுக்கு வச்சிருக்கு? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். செய்தது என் அக்கா என்று அவருக்குத் தெரியாதா என்ன? என் முன்னால் வந்து நின்று, "குடும்பத்தோட வேலை செய்றீங்களோ?" என்றார்.

உன்னைக் கூப்பிட்டு வந்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்லப்போகிறார்கள். தயவுசெய்து வந்து கழற்றிவிடு. ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுவிடு. நெட்டையின் சம்பளத்தில் அவள் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். உன் வீராப்புக்கு அவள் ஏன் தெருவில் நிற்கவேண்டும்?

தங்கை

ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் கோபம் நலமாக இருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி.

மேலாளர் போன் செய்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"பலகை எதுக்கும்மா வச்சீங்க?"

"உக்காரத்தான் சார்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"பட்டியல்ல எழுதிக் கொடுத்தேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களே வந்து கழட்டணும். இல்லன்னா மேல்மாடி ஆர்டரை மறந்துடுங்க" என்றார்.

"மாட்டுறதுதான் சார் என் தொழில். கழட்டணும்னா நீங்களே கழட்டிக்குங்க. போல்ட்டைத் திருப்ப ஒரு அலன் கீ போதும், எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றேன்.

வைத்துவிட்டார். மேல்மாடி போனால் போகட்டும். எங்களுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

நெட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். அது நியாயமான கேள்வி. மூன்று நாள் அதையே யோசித்தேன். ஆனால் நானே போய் என் கையால் அதைக் கழற்றினால், பிறகு எந்தக் கவுண்டரையும் என்னால் செய்ய முடியாது. அது மட்டும் தெரியும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கடையைப் பற்றி எழுதாதே, நெட்டையைப் பற்றி எழுதாதே. உன் கால் எப்படி இருக்கிறது?

உன் அக்கா

மே 2

அக்கா,

நான் சுகமாக இல்லை.

இத்தனை வருஷமாக உனக்கு எழுதிய கடிதங்களில் முதல் வரியில் பொய்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு வருஷமாக இடதுகாலில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. அது ஆறவேயில்லை. பதினாறு அங்குலம் என் கால்தான். கட்டுப் போட்டு, அதன்மேல் நீ அனுப்பிய காலுறையைப் போட்டு, அதன்மேல் சிரித்துக்கொண்டு நிற்பேன். அத்தான் வந்தபோது கட்டுத் துணியில் ரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்துவிட்டார். உன் தலைமேல் சத்தியம் வாங்கினேன். அவரைக் கோபிக்காதே. இப்படியே நின்றால் காலுக்கு நான் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். இந்த வருஷம் உனக்கு முதல் கடிதம் எழுதினேனே, அதற்கு மூன்று நாளுக்கு முன்னால். கவுண்டர் ஆர்டருக்காக மட்டும் மேலாளர் அறைக்குள் போனேன் என்றா நினைத்தாய்? ஏதாவது செய் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே நீ செய்ததும் பயந்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கடைத் தச்சர் பலகைகளைக் கழற்ற வந்தார். கடை திறந்திருந்தது, ஆட்கள் இருந்தார்கள். மூக்குக்கண்ணாடிப் பிரிவில் நாலு கழற்றினார். ஐந்தாவது கைக்கடிகாரப் பிரிவில் என்னுடையது. ஒரு பெரியவர் வாட்ச் வார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகையை இறக்கி உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. கால் வலித்தது, அவ்வளவுதான்.

தச்சர், "எந்திரிங்கம்மா, கழட்டணும்" என்றார்.

"கழட்டுறதுன்னா என்னையும் சேர்த்துக் கழட்டுங்க" என்றேன்.

கழுகு பறந்து வந்தார். "கஸ்டமர் நிக்கிறாரு, நீ உக்காந்திருக்கியா?" என்று கத்தினார். அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "எனக்கு வார்தான்யா வேணும். அவங்க நின்னு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். நெட்டை எதிர்க் கவுண்டரில் பலகையை இறக்கினாள். கீல் சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது, அடுத்தது. பலகை போன நாலு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாளாகக் கடை வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறோம். நெட்டைக்காக நான் பயந்தேன் அல்லவா? அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறாள்.

கால் ரொம்ப வீங்கியிருக்கிறது. வருவாயா?

உன் தங்கை

மே 6

என் கண்ணே,

வெள்ளிக்கிழமை காலை உன் விடுதி வாசலில் இருப்பேன். அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். படியில் உட்கார்ந்திருந்தாலும் காலைத் தூக்கி ஏதாவது ஒன்றின்மேல் வைத்துக்கொள். நாம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதன் பிறகு நீ வேண்டுமானால் படிக்குத் திரும்பிப் போ, நானும் வருகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நேரில் காட்டுகிறேன். உன் அத்தானிடம் நேற்றே காட்டிவிட்டேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "உன் தலைமேல சத்தியம் வாங்கிட்டா, நான் என்ன பண்றது?" என்றார்.

நீ உண்மையை எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன். வேலைக்குப் பஞ்சமில்லை என்றேனே, அது பொய். மார்ச்சுக்குப் பிறகு பட்டறைக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. பேசி வைத்திருந்த இரண்டு கடைகள் வேண்டாம் என்று விலகிவிட்டன. "அந்தப் பொம்பளை வாட்ச் கடையில என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஊர் முழுக்கப் பேச்சாம். ரம்பத்துக்குத் துணி போர்த்தியாயிற்று. உன் அத்தான் வேறொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போய்வருகிறார். இருந்தும் அவர் ஒரு நாளும், ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்கவில்லை. நேற்றுப் பெட்டி கட்டும்போது கருவிப் பையையும் உள்ளே வைத்தார். "எதுக்கு?" என்றேன். "கழட்டின நாலையும் திரும்ப மாட்டணும்ல" என்றார்.

வருகிறேன்.

அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அக்கா, இரண்டு மாதம் கூட இருந்துவிட்டு நீ கிளம்பி மூன்று வாரமாகிறது. அறை வெறிச்சென்று இருக்கிறது. இந்த முதல் வரியை நிஜமாகவே எழுதுகிறேன்: புண் ஆறிவிட்டது, தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் வீங்குகிறது. உங்கள் உடம்பையும் இதே மாதிரி உள்ளபடி எழுதுங்கள்.

படியில் இருந்தபோது மனுக் கொடுத்தோமே, அந்தத் தொழிலாளர் அலுவலக அம்மா மறுபடியும் வந்து பார்த்துவிட்டு உத்தரவு போட்டுவிட்டார். ஆள் இல்லாதபோது எல்லோரும் உட்காரலாம், ஒருவர் சம்பளத்திலும் கைவைக்கக்கூடாது. கழற்றின நாலு பலகையையும் அதே தச்சர்தான் மாட்டினாராம். நெட்டை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். மேலாளர் ஒரு தாளை நீட்டினார். நான் செய்தது தவறு, இனிச் செய்யமாட்டேன் என்று ஒரே ஒரு வரி. "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கும்மா. கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கே வந்துடு" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பன்னிரண்டு வருஷம் கண்ணில் வந்து நின்றது. நான் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "தப்புன்னு தோணினா போட்டிருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஊருக்கே வந்துவிடு என்று நீ சொல்வாய். வரமாட்டேன் அக்கா. நான் ஓடிப்போனதாகச் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கமாட்டேன். கடைக்கு நேர் எதிரே மருந்துக்கடை இருக்கிறதே, அந்தக் கடைக்கார அம்மா நாங்கள் படியில் உட்கார்ந்திருந்த எல்லா நாளும் பார்த்துக்கொண்டிருந்தவர். கூப்பிட்டு வேலை கொடுத்தார். சம்பளம் கொஞ்சம் குறைவு. வேலைக்குச் சேர்ந்ததும், "உக்கார என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார். அவருக்குப் புதுக் கவுண்டர் ஒன்று வேண்டுமாம். அளவு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அத்தானைக் கூலி வேலைக்கு லீவு சொல்லச் சொல்.

நேற்று மத்தியானம் யார் வந்தார் தெரியுமா? கழுகு. முட்டிவலிக்குத் தைலம் வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, தைலத்தை எடுத்து, எப்படித் தேய்க்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அந்த மாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதரும் பதினைந்து வருஷமாக அந்தத் தளத்தில் நின்றுகொண்டுதானே இருக்கிறார்!

"அங்க நாற்காலி இருக்கு. உக்காருங்க சார்" என்றேன்.

அவர் எங்கள் பழைய கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "யாரும் பாக்கலையே?" என்றார்.

"பாக்கட்டுமே சார்" என்றேன்.

உன் தங்கை